வழக்கு ஊர் மாறினால் வழிச்செலவு யாருக்கு?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை. டச்சுக் குடாக் கரையில் சிறிது நேரம் உலாவிவிட்டு வீடு திரும்பியபோது, திண்ணையில் ஓர் இளம்பெண் தன் தாயாருடன் அமர்ந்திருந்தாள். மடியில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் எனது வகுப்பின் முன் வரிசையில் இருந்து படித்தவள் என்பதை முகத்தைக் கண்டதும் அறிந்துகொண்டேன். கையிலே நீண்ட கடித உறை ஒன்று. அதனுள்ளே கொழும்பிலிருந்து வந்த அழைப்பாணை.

விவாகமாகி ஐந்தாண்டுகள். கணவர் கொழும்பில் தொழில் பார்ப்பவர். மனத்தாங்கல் முற்றி அவள் திருகோணமலையிலுள்ள தாய்வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடமாகிவிட்டது. இப்போது அவர் தாம் வதியும் கொழும்பிலேயே விவாகரத்து வழக்கைத் தொடுத்துவிட்டார்.

"சேர், வழக்குக்கு நான் பயப்படவில்லை. சொல்ல வேண்டியதைக் கோட்டிலே சொல்லுவேன். ஆனால் ஒவ்வொரு தவணைக்கும் இந்தப் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு எப்படிக் கொழும்புக்குப் போய் வருவேன்? வழக்கை இங்கே மாற்ற ஏலாதா? மாற்றினால் அந்தச் செலவு யார் தலையில் விழும்?"

இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எனக்கு அவ்வினாக்களில் ஒன்றுக்கேனும் விடை தெரியவில்லை. ஆகவே, நமது நகரில் நெடுங்காலம் வழக்குரைத்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவரிடம் அவர்களை அழைத்துச் சென்றேன். அவரைப் போன்றோரை நம் பாட்டன்மார் 'பிறக்கிராசியார்' என்பர். புறொக்டர், அட்வகேற் என்றிருந்த இரு பிரிவும் 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒன்றாகிச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் பெற்றுவிட்ட போதிலும், ஊர்வாய் பழைய பெயரை இன்னும் மறந்துவிடவில்லை. அன்று அவரிடம் கேட்டறிந்தவற்றையும், பின்னர் நானே தேடிப் படித்தவற்றையும் இவ்வாரம் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வழக்கென்பது வழக்காளிக்கு மட்டும் வருவதன்று. அது ஒரு குடும்பம் முழுமைக்கும் வருவது. ஆதலின் இதனை மாணவரும் அறிந்திருத்தல் நன்று.

வழக்கு பிறக்கும் ஊர்

எந்த வழக்கை எந்த ஊரில் தொடுப்பது என்பது வழக்காளியின் விருப்பத்திற்கு விடப்பட்ட ஒன்றன்று. 1889 ஆம் ஆண்டு முதல் நமது நாட்டில் நிலவிவரும் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 9 ஆம் பிரிவு அதற்கு நான்கு வாயில்களைக் காட்டுகிறது. எதிராளி வதியும் இடம் ஒன்று. வழக்குக்குரிய காணி கிடக்கும் இடம் மற்றொன்று. வழக்குக்கான காரணம் தோன்றிய இடம் மூன்றாவது. நிறைவேற்றக் கோரும் ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம் நான்காவது. இவற்றுள் ஒன்றேனும் எந்த மாவட்ட நீதிமன்றின் எல்லைக்குள் அமைகிறதோ, அங்கேதான் வழக்குத் தொடுக்கலாம்.

நாலு வாயில்களில் முதலாவதாக எதிராளியின் ஊர் வைக்கப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். குறை சொல்ல வருபவன் குறை சொல்லப்படுபவனின் வாசலுக்கு வரவேண்டும் என்பது பழைய உரோமர் காலத்திலிருந்தே வரும் நியாயம். ஆயினும் விவாகரத்து வழக்கில் இந்நியாயம் சற்றுத் திரும்பி நிற்கிறது. கணவனோ மனைவியோ, வழக்குத் தொடுப்பவர் தாம் வதியும் எல்லையிலுள்ள நீதிமன்றிலேயே தொடுக்கலாம் என்று அதே சட்டக்கோவை இடமளிக்கிறது. (முஸ்லிம் விவாகங்களுக்குக் காதி நீதிமன்ற முறை வேறாக உண்டு.) ஆகவே எனது மாணவியின் கணவர் கொழும்பில் வழக்கிட்டது சட்டப்படி பிழையன்று. "பிழையான கோட்டில் போட்ட வழக்கல்ல, பிள்ளை. சரியான கோட்டில் போட்ட வழக்குத்தான். உனக்குத் தூரமான கோடு, அவ்வளவுதான்," என்றார் முதியவர்.

இந்த வேறுபாடு முக்கியமானது. பிழையான நீதிமன்றில் தொடுத்த வழக்கு மாற்றப்படுவதில்லை. உரிய நீதிமன்றில் சமர்ப்பிக்குமாறு முறைப்பாடு வழக்காளியிடமே திருப்பிக் கொடுக்கப்படும். தனக்கு நியாயாதிக்கம் இல்லை என்று ஒரு நீதிமன்று கண்டாலும், அதுவரை ஏற்பட்ட செலவை யார் கொடுக்க வேண்டுமென்று கட்டளையிடும் அதிகாரம் அதற்கு உண்டு. வழியறியாது பிறரை அலைக்கழித்தவரே அந்த அலைச்சலுக்கு விலை கொடுக்க வேண்டும் என்பது இதன் கருத்து. 'வழக்கு மாற்றம்' என்பதோ சரியான இடத்தில் நிற்கும் வழக்கை வேறொரு காரணம் பற்றி வேறோர் ஊருக்குக் கொண்டுசெல்வதாகும்.

நமது துறைமுகத்தைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். உலகம் வியக்கும் இயற்கைத் துறைமுகம் நம்முடையது. ஆனால் அங்கே வந்த கப்பலால் ஒருவருக்கு நட்டம் ஏற்பட்டு, கப்பலையே தடுத்துவைத்து வழக்காட வேண்டுமானால் அவர் கொழும்புக்கே போக வேண்டியிருக்கும். 1983 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்கச் சட்டம் கப்பல் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரத்தை மேல் நீதிமன்றுக்கு அளித்து, அது சாதாரணமாகக் கொழும்பிலேயே செலுத்தப்படும் என்று வகுத்தது. கடல் இங்கே, கோடு அங்கே!

மாற்றும் அதிகாரம்

நீதிமன்றுக்கு நீதிமன்று வழக்கை மாற்றும் அதிகாரம் இலங்கையில் புதிதன்று. மாவட்ட நீதிமன்றங்களை நிறுவிய 1833 ஆம் ஆண்டின் நீதிப் பட்டயமே, ஒரு மாவட்ட நீதிமன்றிலுள்ள வழக்கை இன்னொன்றுக்கு மாற்றும் அதிகாரத்தை உயர் நீதிமன்றுக்கு வழங்கியது. 1889 ஆம் ஆண்டின் நீதிமன்றங்கள் கட்டளைச்சட்டமும் அதனைத் தொடர்ந்தது. இன்று அந்த அதிகாரம் 1978 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க நீதித்துறைச் சட்டத்தின் 46 ஆம் பிரிவின்படி மேன்முறையீட்டு நீதிமன்றிடம் இருக்கிறது.

அப்பிரிவு நான்கு காரணங்களைக் கூறுகிறது. குறித்த நீதிமன்றிலோ இடத்திலோ நேர்மையான, பக்கச்சார்பற்ற விசாரணை கிடைக்காது எனத் தோன்றுதல். வழக்கத்துக்கு மாறான கடினமுடைய சட்ட வினாக்கள் எழக்கூடுமாதல். குற்றம் நிகழ்ந்ததாகக் கூறப்படும் இடத்தை நேரிற் பார்வையிட வேண்டியிருத்தல். வேறு ஏதேனுமொரு காரணத்தால் மாற்றுவது உசிதமாதல். மாணவியின் வழக்கு இறுதிக் காரணத்துள்தான் அடங்கும். அந்த வாயில் அகலமானதுதான். எனினும் 'எனக்கு வசதி' என்று ஒருவரியில் எழுதிவிட்டு அதனுள் நுழைந்துவிட முடியாது. காரணங்களை ஒவ்வொன்றாக விரித்துரைக்கும் சத்தியக் கடதாசியுடன் விண்ணப்பம் செய்யவேண்டும். மறுபக்கத்தாரின் சங்கடத்தையும் நீதிமன்று கேட்டறியும்.

மாற்றக் கட்டளை கிடைத்துவிட்டால் வழக்கை முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புதிய நீதிமன்று, அவ்வழக்கு தன்னிடமே பிறந்தாற் போன்ற முழு அதிகாரத்துடன் அதை நடத்தும். மேலும், நீதிமன்று தனக்கு உசிதமெனத் தோன்றும் நிபந்தனைகளை விதித்தே மாற்றத்துக்குக் கட்டளையிடலாம். செலவைப் பற்றிய வினாவுக்கு விடை இந்த 'நிபந்தனை' என்னும் சொல்லுக்குள்ளேதான் ஒளிந்திருக்கிறது. இன்னார்தான் கொடுக்கவேண்டும் என்று சட்டம் முன்கூட்டியே வரையறுக்கவில்லை. அது நீதிபதியின் தற்றுணிபுக்கு விடப்பட்டுள்ளது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கொழும்புக்குப் போக வசதியில்லாத காரணத்தால் வழக்கைத் திருகோணமலைக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்பதற்கே கொழும்புக்குத்தான் போகவேண்டும்! மேன்முறையீட்டு நீதிமன்று இருப்பது அங்கேதான். நமது நகருக்கும் கொழும்புக்கும் இடையே தரைவழித் தூரம் சுமார் 260 கிலோமீற்றர்.

வெண்ணெய்நல்லூருக்குப் போன வழக்கு

ஊர் மாறிய வழக்குகளுள் தமிழர் எல்லோரும் அறிந்தது ஒன்றுண்டு. சேக்கிழார் சுவாமிகள் பெரிய புராணத்தில் விரித்துரைக்கும் சுந்தரமூர்த்தி நாயனாரின் வழக்கே அது. வகுப்பில் எத்தனையோ முறை கற்பித்திருக்கிறேன். ஆனால் அந்த மாணவி வந்துபோன பின்னர்தான் அதை ஒரு வழக்காகப் படித்துப் பார்த்தேன்.

புத்தூரிலே மணப்பந்தர். மணக்கோலத்தில் நம்பியாரூரர். முதிய வேதியர் ஒருவர் வந்து, இவனது பாட்டன் எழுதித் தந்த ஓலையின்படி இவன் எனக்கு அடிமை என்று தடுக்கிறார். ஓலையைப் பறித்து நம்பி கிழித்துவிடுகிறார். முதியவர் தமது ஊர் திருவெண்ணெய்நல்லூர் என்று கூற, அப்படியானால் வழக்கை அங்கேயே வந்து பேசும் என்கிறார் நம்பி. எதிராளி தன் ஊரை விட்டுக்கொடுத்து வழக்காளியின் ஊருக்கே வழக்கை மாற்றக் கேட்பது உலகில் அரிது. பொய்வழக்காயின் அவ்வூராரே அதனை அறிவர் என்பது நம்பியின் துணிபு போலும். வெண்ணெய்நல்லூர்ச் சபையார் முறை தவறவில்லை. அனுபோகமா, பத்திரமா, அயலார் சாட்சியா, எதனால் நிறுவுவீர் என்று கேட்கின்றனர். கிழிந்தது படிதான், மூல ஓலை என்னிடம் உண்டு என்று முதியவர் காட்ட, பாட்டனாரின் வேறொரு கையெழுத்துடன் அதை ஒப்பிட்டுப் பார்த்தே தீர்ப்புரைக்கின்றனர். நம்பி தோற்றார். தோற்றதனால் தமிழுலகம் தேவாரம் பெற்றது. தீர்ப்புக்குப் பின்னர்தான், இவ்வூரில் உமது வீடு எதுவென்று காட்டும் என முதியவரைக் கேட்கின்றனர். அவர் திருவருட்டுறைக் கோயிலுள் புகுந்து மறைகிறார். வதிவிடம் பற்றிய வினாவை முதலிலே கேளாமல் முடிவிலே கேட்ட சபை அது!

இறைவன் திருவிளையாட்டில் செலவுக் கணக்குப் பார்ப்பது முறையன்று. ஆயினும் ஆசிரியன் என்ற முறையில் ஒரு வினா என்னுள் எழாமற் போகவில்லை. அந்த வழக்கின் விலையைக் கொடுத்தவர் யார்? நம்பியாரூரர் ஆட்கொள்ளப்பட்டார். முதியவர் தம் ஆளைப் பெற்றார். சபையார் தம் கடமையைச் செய்தனர். பந்தரிலே காத்திருந்த மணமகளோ, சடங்கவி சிவாசாரியாரின் மகளோ, அவ்வழக்கில் கட்சிக்காரரே அல்லர். ஆயினும் மணவாழ்வை இழந்தவர் அவரே. நம்பியை நினைந்த நிலையிலேயே அவர் வாழ்ந்து சிவலோகம் அடைந்தார் என்று புராணம் ஒரு சொல் சொல்லிச் செல்கிறது. வழக்கேட்டில் பெயரில்லாத ஒருவர் வழக்கின் சுமையைச் சுமப்பது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

'செலவு' என்னும் சொல்

"முதல் நாளிலிருந்து ஒவ்வொரு சதத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வா, பிள்ளை. பற்றுச்சீட்டுகளையும் அதற்குள்ளேயே வை," என்று அன்று முதியவர் கூறியிருந்தார். அவளும் குழந்தைக்கு வாங்கிய கோடிட்ட கொப்பி ஒன்றில் எழுதினாள். மாற்ற விண்ணப்பம் முடிந்தபின் அதை அவரிடம் கொண்டுவந்து காட்டியபோது நானும் உடனிருந்தேன்.

முதியவர் சிவப்புப் பென்சிலை எடுத்தார். சத்தியக் கடதாசிக்குக் கொடுத்தது: சரி. அறிவித்தல் அனுப்பிய செலவு: சரி. ஆவணப் பிரதிகள்: சரி. தமிழிலிருந்த பத்திரங்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு ஆங்கிலமாக்கியது: சரி. சட்டத்தரணியின் கட்டணம்: சரி, ஆனால் கொடுத்த முழுத் தொகையும் கணக்கில் ஏறாது. புகையிரதச் சீட்டு, கொழும்பில் ஓர் இரவு தங்கியது: பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. முன்பள்ளியில் கற்பிக்கும் அவளுக்கு வராத நாட்களுக்குச் சம்பளம் இல்லை. அந்த நாலு நாள்: கோடு. குழந்தைக்குப் பால்மா: கோடு. அம்மாவின் முழங்கால் நோவுக்குத் தைலம்: கோடு.

சட்டக்கோவையின்படி வழக்குச் செலவு என்பது வழக்கை நடத்தவும் தீர்ப்பை நிறைவேற்றவும் அவசியமாக ஏற்பட்ட செலவாகும். முத்திரை, அழைப்பாணை, பிரதிகள், சட்டத்தரணிகளின் கட்டணம், சாட்சிகளின் படி, ஆணையாளரின் செலவு என்பன அதனுள் அடங்கும். சாதாரணமாகத் தோற்றவர் வென்றவருக்குச் செலவு கொடுப்பதே வழக்கம். நீதிமன்று அவ்வழக்கத்திலிருந்து விலகிச் செலவை வேறு விதமாகப் பகிரவும் செய்யலாம். அவ்வாறு விலகினால் காரணத்தை எழுத வேண்டும். ஆனால் கட்டளை கிடைத்தாலும், செலவுப் பட்டியலைப் பதிவாளர் அட்டவணைப்படி மதிப்பிட்டே தொகையை நிர்ணயிப்பார். கையால் கொடுத்த பணத்துக்கும் கணக்கில் ஏறும் பணத்துக்கும் இடையே எப்போதும் ஒரு பள்ளம் உண்டு. 'கோட்டிலே வென்றவன் தோற்றான், தோற்றவன் செத்தான்' என்று ஊரிலே சொல்வது அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்தவர்களின் சொல்தான்.

மொழியும் ஒரு செலவு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வடக்கு, கிழக்கு மாகாண நீதிமன்றங்களில் தமிழே நீதிமன்ற மொழி. அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை அதற்கு வழிசெய்கிறது. இங்கிருந்து வேறு மாகாணத்துக்கு ஒரு வழக்குப் போனால் ஏட்டின் மொழியும் மாறக்கூடும். நீதிமன்றின் மொழி விளங்காத கட்சிக்காரருக்குச் சிங்களத்திலோ தமிழிலோ மொழிபெயர்ப்பு வசதியை அரசே அளிக்கவேண்டும் என்றும் அதே உறுப்புரை கூறுகிறது. இவ்வுரிமையைக் கேட்டுப் பெறுவதற்கு வெட்கப்படத் தேவையில்லை.

அயல்நாட்டு அனுபவம்

வழக்காளி நீதியைத் தேடி ஊர் ஊராக அலையக் கூடாது என்ற கருத்துக்கு நீண்ட வரலாறு உண்டு. ஆங்கில நாட்டில் மன்னர் எங்கே சென்றாரோ அங்கே அவரது நீதிச்சபையும் சென்றது. வழக்காளிகளும் பின்தொடர்ந்து அலைந்தனர். 1215 ஆம் ஆண்டின் மகா சாசனம், குடிமக்களின் பொது வழக்குகள் ஒரு நிலையான இடத்திலே விசாரிக்கப்பட வேண்டும் என்று மன்னரைக் கட்டுப்படுத்தியது. 1776 இல் அமெரிக்கக் குடியேற்றநாடுகள் வெளியிட்ட சுதந்திரப் பிரகடனத்திலே மன்னர்மீது சுமத்திய குறைகளுள், தம்மவரைக் கடல் கடத்திக்கொண்டுபோய் விசாரித்தமையும் ஒன்று.

அண்டை நாடாகிய இந்தியாவில் 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதனை விரிவாகக் கூறுகிறது. ஒரு மாநிலத்திலிருந்து மற்றொரு மாநிலத்துக்கு வழக்கை மாற்றும் அதிகாரம் 1976 ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் உச்ச நீதிமன்றத்துக்கு உரியதாயிற்று. விண்ணப்பம் அற்பமானது அல்லது தொல்லை கொடுப்பதற்கென்றே செய்யப்பட்டது எனக் கண்டால், எதிர்த்தரப்புக்கு 2,000 ரூபாவுக்கு மேற்படாத நட்டஈடு கொடுக்குமாறு கட்டளையிடலாம் என்றும் அச்சட்டத்தில் உண்டு. கணவர் பீகாரின் ஆரா நகரில் வழக்கிட, மனைவி சுமார் 1,100 கிலோமீற்றர் தொலைவிலுள்ள டில்லியில் வசித்த ஒரு வழக்கில், கணவன் மனைவிமீது தொடுத்த வழக்காதலின் மனைவியின் வசதியையே நோக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறி, வழக்கை டில்லிக்கு மாற்றியது.

இவ்வாறான விண்ணப்பங்கள் மலிந்தபின், 2017 மார்ச் மாதத்தில் இரு நீதிபதிகள் வேறொரு வழியைக் காட்டினர். வழக்கை மாற்றுவதற்குப் பதிலாகக் காணொளி மூலம் விசாரிக்கலாமே என்றனர். அதே ஆண்டு ஒக்டோபரில் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயம் பெரும்பான்மையால் அதனை ஏற்க மறுத்தது. குடும்ப வழக்கில் இருவரும் நேரில் வந்து இரகசியமாகப் பேசிச் சமரசம் காணும் வாய்ப்பு முதலில் வேண்டும். அது பயனளிக்காமற் போய், இருதரப்பாரும் சேர்ந்து கேட்டாலன்றிக் காணொளி கூடாது என்பது அத்தீர்ப்பின் சாரம். தூரத்தைக் குறைக்கும் கருவி கையில் இருந்தும், முகத்தை முகம் பார்ப்பதற்கு ஒரு மதிப்பு உண்டு என்று அந்நீதிபதிகள் எண்ணினர்.

தூரம் என்னும் பாரம்

நமது மாவட்டத்து மக்களுக்கு நீதிமன்றின் தூரம் பழகிய துன்பம். ஒரு காலத்தில் மூதூரிலிருந்து திருகோணமலைக் கோட்டுக்கு வருபவர் கொட்டியாரக் குடாவை லோஞ்சில் கடக்க வேண்டியிருந்தது. தரைவழியென்றால் கிண்ணியாவிலும் அதற்கப்பாலும் 'பாதை' எனப்படும் மிதவைக்குக் காத்திருக்க வேண்டும். காற்றும் மழையும் வந்தால் தவணை தவறும். 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில்தான் திறக்கப்பட்டது.

குடியியல் வழக்கன்றாயினும் இங்கே சொல்லாமல் விடமுடியாதது ஒன்றுண்டு. 1996 பெப்ரவரி 11 ஆம் நாள் மூதூர்ப் பகுதியிலுள்ள குமாரபுரத்தில் பெண்களும் குழந்தைகளுமாக இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். இராணுவத்தினர்மீது தொடரப்பட்ட அவ்வழக்கு திருகோணமலையிலிருந்து அநுராதபுர மேல் நீதிமன்றுக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின், 2016 ஜூலையில், எதிரிகள் அறுவரும் விடுதலை செய்யப்பட்டனர். 2006 ஓகஸ்டில் மூதூரில் தொண்டு நிறுவனப் பணியாளர் 17 பேர் கொல்லப்பட்டமை பற்றிய நீதவான் விசாரணையும் மூதூரிலிருந்து அநுராதபுரத்துக்கும், பின்னர் கந்தளாய்க்கும் மாறிச் சென்றது. எதிரியாக நிறுத்தப்படுபவருக்கும் அச்சமற்ற விசாரணை உரியது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தம் பிள்ளைகளை இழந்த வயல் கிராமத்தார், நூறு கிலோமீற்றருக்கு அப்பால், வேறு மொழி வழங்கும் ஊருக்குப் போய்ச் சாட்சி சொல்லவேண்டி வந்ததே, அந்தப் பாரத்தை எந்தச் செலவுப் பட்டியலில் எழுதுவது?

வழக்கை மாற்றலாம், தூரத்தை இல்லாமற் செய்ய முடியாது. அது ஒருவர் தோளிலிருந்து இறங்கி மற்றவர் தோளில் ஏறுகிறது. ஆகவே மாற்ற விண்ணப்பத்தில் நீதிபதி கேட்கவேண்டிய உண்மையான வினா, இந்தத் தூரம் யாருடைய தோளை முறிக்காது என்பதே. செலவுக் கட்டளை என்பது அந்த இடமாற்றத்துக்கு ஒரு சிறு ஈடு. அது முழு ஈடாவதில்லை.

கொப்பியின் கடைசிப் பக்கம்

மாணவியின் வழக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். விண்ணப்பம் இரண்டாந் தவணைக்கு வந்தபோது கணவர் தரப்பார் மாற்றத்துக்கு உடன்பட்டனர். செலவுக் கட்டளை எதுவும் இல்லை. அவரவர் செலவு அவரவர்க்கே. வழக்குத் திருகோணமலைக்கு வந்தது.

அதன்பின் ஒருநாள் அவள் வந்து சொன்னாள்: "சேர், அவர் தனியே வருவதில்லை. மாமாவையும் கூட்டிக்கொண்டு வருகிறார். இரவெல்லாம் புகையிரதத்தில் இருந்து வந்து, மாமா கோட்டு வாங்கில் இருந்தபடியே நித்திரையாகிவிட்டார். அம்மாதான் தேநீர் வாங்கிக் கொடுத்தனுப்பினா." சிறிது நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "மாமாவின் புகையிரதச் சீட்டையும் கொப்பியில் எழுத வேண்டும்போல் இருந்தது," என்றாள்.

வழக்கு முடிந்துவிட்டது. எவ்வாறு முடிந்தது என்பது அவர்களது குடும்ப விடயம்; நாம் பேசவேண்டியதில்லை. ஆனால் அந்த அனுபவத்திலிருந்து குடும்பங்கள் கற்கக் கூடியவை சில உண்டு.

அழைப்பாணை கையில் கிடைத்த அன்றே ஒரு சட்டத்தரணியைக் காணுங்கள். வழக்கு வெகுதூரம் நடந்தபின் ஊர் மாற்றக் கேட்பது கடினம். மாற்றம் கேட்குமுன், மறுபக்கத்தார் இணங்குவரா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள், இணக்கம் மலிவானது. ஒரு சாட்சிக்காக மட்டும் ஊர் மாற்ற நினைப்பவர், அச்சாட்சியை ஆணையாளர் ஒருவர் மூலம் அவர் இருக்குமிடத்திலேயே விசாரிக்க முடியுமா என்று கேட்டறியட்டும். விவாகரத்து வழக்கில் மனைவி வழக்கு முடியும்வரை இடைக்காலத் தாபரிப்புக் கோரலாம். பொருள்வசதி அற்றோருக்கு 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு உண்டு. சிறு கடன், சிறு பிணக்கு என்றால், சட்டத்தரணியின்றியே பேசித் தீர்க்க 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் வழிவந்த மத்தியஸ்த சபைகள் ஊரிலேயே இருக்கின்றன.

மாணவர்களுக்கும் ஒரு பயிற்சி தருகிறேன். உங்கள் வீட்டிலோ அயலிலோ வழக்கொன்று பேசப்படுமானால் ஒரு கொப்பியை எடுத்து நடுவே கோடு கீறுங்கள். இடப்பக்கத்தில் சட்டம் ஒப்புக்கொள்ளும் செலவை எழுதுங்கள். வலப்பக்கத்தில் அது ஒப்புக்கொள்ளாததை எழுதுங்கள். பின்னர் அந்த வலப்பக்கத்தைப் பெரியவர்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

அந்தப் பெண்ணின் கொப்பியைக் கடைசியாகப் பார்த்தபோது, பக்கங்கள் நிறைந்திருந்தும் எங்குமே கூட்டுத்தொகை எழுதப்பட்டிருக்கவில்லை. கணக்கில் கெட்டிக்காரியாயிற்றே, ஏன் கூட்டவில்லை என்று கேட்டேன்.

"கூட்டினால் யாரிடமாவது கேட்கத் தோன்றும், சேர். கேட்பதற்கு யாரும் இல்லையே," என்றாள்.